மார்கழியில் கத்திய பித்தளை

ஓடுகிற எஞ்சினில், அச்சைத் தாங்கும் பித்தளையின் மேல் உள்ளங்கையை வைத்து, முருகா முருகா முருகா என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். மூன்றாவது முருகாவரை கை அங்கேயே இருந்தால் சூடு சரி. இரண்டாவதில் கை தானாக விலகினால் எண்ணெயைப் பார்க்க வேண்டும். முதலாவதிலேயே விலகினால் நீராவியை அடைத்துவிட்டு வாளியோடு தண்ணீருக்கு ஓட வேண்டும். எனக்கு முன்னால் எஞ்சின் பார்த்தவன் ரயில் வேலைக்குப் போகும்போது என்னிடம் விட்டுப் போனது இவ்வளவுதான்.

அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. இன்றும் காலையில் எழுந்தால் கை எதையாவது தொட்டுச் சூடு பார்க்கிறது. சுவர், தண்ணீர்க் குடம், மாட்டின் முதுகு, எது அகப்பட்டாலும் சரி. வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த மார்கழியில் நான் பட்ட பாட்டை அவர்கள் பட்டிருந்தால் அவர்கள் கையும் சும்மா இருக்காது.

கம்பளையிலிருந்து மாட்டு வண்டியில் இரண்டு மணி நேரம் மேலே ஏறினால் எங்கள் தோட்டம். அப்போது மலை முழுக்கக் கோப்பி, ஊரில் காப்பி என்பார்களே, அதுதான். கோப்பிப் பழம் பொறுமை இல்லாத சாமான். சிவக்கப் பழுத்ததைப் பறித்துவிட்டால் அன்றைக்கே தோலை உரித்தாக வேண்டும். குவியலாகக் கிடந்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும். கொட்டையின் நிறம் கெட்டுவிடும். அறுவடை உச்சத்தில் மாலையில் வந்து குவியும் பழத்தை ஒரே மூச்சில் உரித்து முடிக்க முடியாது. பாதியை இருட்டுமுன் உரிப்போம். மீதியை விடியற்காலையில், முதல் வேலையாக உரிப்போம். உரிக்கும் உருளைகளைச் சுற்றுவது நீராவி எஞ்சின். எஞ்சினைப் பார்ப்பது நான்.

கொதிகலன் ஓர் அறையில், எஞ்சின் அடுத்த அறையில். எஞ்சினின் பெரிய அச்சு சுவரைத் துளைத்துக்கொண்டு உரிக்கும் பக்கத்துக்குப் போய், ஒரு தோல்வாரால் உருளைகளைச் சுற்றும். அங்கே, கோப்பி கழுவும் தொட்டிகளுக்குப் பக்கத்தில், ஒரு செங்கல் தூணின் மேல் இருக்கும் பித்தளையில் அச்சின் நுனி உட்கார்ந்து சுற்றும். அந்தப் பக்கத்துக்குச் சுவர் கிடையாது. பள்ளத்திலிருந்து ஏறிவரும் காற்று முதலில் அந்தத் தூணில் மோதிவிட்டுத்தான் எங்களிடம் வரும். என் உயிரை வாங்கியது அந்தக் கோடிப் பித்தளைதான்.

எஞ்சின்காரன் என்பதால், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இல்லாமல் ஆலையோடு ஒட்டிய தனி அறை கொடுத்திருந்தார்கள். கொதிகலன் பக்கத்துச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். என் மனைவிக்கு அது நிறைமாதம். முதுகை அந்தச் சுவரில் சாய்த்துக்கொண்டுதான் உட்காருவாள். பிள்ளை அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் பிறக்க வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம்.

தோட்டத்துப் பதிவிலிருந்து பேர் வெட்டப்பட்டால் வேலையோடு அறையும் போகும். எஞ்சினைக் கெடுத்தவன் என்ற பேரோடு போகிறவனைப் பக்கத்துத் தோட்டம் எதுவும் எடுக்காது. மிச்சம் இருப்பது ஊரிலிருந்து கடல் தாண்டி வந்த வழிதான்: மாத்தளைக்கு அப்பால் காட்டுக்குள் இறங்கி மன்னார்க் கரை வரை நடை. வரும்போது அந்த வழியில் என் தம்பிக்கு வாந்திபேதி கண்டது. கூட்டம் நிற்கவில்லை. நானும் என் மனைவியும் மட்டும் பின்தங்கி, ஒரு கோடரியை வைத்துக்கொண்டு குழி தோண்டினோம். கோடரியால் குழி தோண்டியவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று. அந்த வழியில் நிறைமாதக்காரியை நடத்திக்கொண்டு போக முடியாது.

சூடேறிய கதைக்கு முன்னால் கொழுப்புக் கதையைச் சொல்ல வேண்டும். ஆதியில் அந்தப் பித்தளைக்குப் போட்டது மாட்டுக் கொழுப்பு. சீமையிலிருந்து தகரத்தில் வரும். பித்தளைக்கு மேல் உள்ள பெட்டியில் கையால் அள்ளி அடைக்க வேண்டும். அச்சு சுற்றிச் சூடேற ஏற, கொழுப்பு உருகித் தானாக உள்ளே இறங்கும். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை என் கையில் இருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தாலும், புளி போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் அந்த வாடை இருக்கும். லயத்தில் என் கையிலிருந்து ஒருவரும் வெற்றிலை வாங்க மாட்டார்கள். கோயிலில் திருநீற்றுத் தட்டை எனக்கு நீட்டாமல், மேலேயிருந்து கையில் தூவுவார்கள். என் மனைவி சோறு போட்டுவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்காருவாள். வாயைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருப்பேன்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு மண்வெட்டி, கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்தி, பழம் அளக்கும் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைப்பது பற்றிப் பேச்சு நடந்தது. எஞ்சினுக்கு மட்டும் வைக்கக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். அதன் வயிற்றுக்குள் மாட்டுக் கொழுப்பு இருக்கிறதாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த எஞ்சின் சுற்றாவிட்டால் அவர்கள் பறித்த பழம் முழுதும் அழுகி நாறும். அதற்கு ஒரு பொட்டுக்கு வழியில்லையா? அப்படியே ஆட்களுக்குப் பொறுப்பான தலைக்கங்காணியைக் கூட்டிக்கொண்டு, தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குப் போய்விட்டேன்.

துரை பேசும் தமிழில் மரியாதையும் கிடையாது, அவமரியாதையும் கிடையாது. எல்லாம் கட்டளைதான். தலைக்கங்காணி விஷயத்தை விளக்கி, கொழுப்புக்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் போட அனுமதி கேட்டார். துரை என் கையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நீ தேங்காயெண்ணெய் போடு. எஞ்சின் ஓடு. எனக்குச் சரி," என்றார்.

எண்ணெய்க்கு ஏற்றபடி பித்தளையை மாற்றிக் கொடுக்கக் கொழும்புப் பட்டறையிலிருந்து பாஸ் வந்தார். கைவேலை தெரிந்தவர் எவரானாலும் இந்த நாட்டில் பாஸ்தான். இவர் யாழ்ப்பாணத்துக் கடற்கரைப் பக்கத்து ஆள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சுத்தியலைக்கூட மெதுவாகக் கீழே வைக்கிற மனிதர். கொழுப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டுத் தூணின் பக்கத்தில் மூடி போட்ட ஒரு கிண்ணத்தைப் பொருத்தினார். அதிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்றைப் பித்தளையின் தலைக்குள் இறக்கினார். கிண்ணத்தில் எண்ணெய் நிறைந்திருந்தால் போதும், சொட்டுச் சொட்டாக அது போய்க்கொண்டே இருக்கும். ஓடுகிற சக்கரத்துக்குப் பக்கத்தில் நான் கையை விட வேண்டியதில்லை.

"கொழும்பிலை எல்லாப் பட்டறையிலையும் தேங்காயெண்ணெய்தான் தம்பி. ஒண்டுக்கும் யோசியாதையும்," என்றார்.

ஆயுத பூசையன்று எஞ்சினுக்குப் பொட்டு வைத்தோம். சுண்டலை என் கையால்தான் கொடுத்தேன். எல்லோரும் வாங்கினார்கள். அன்று சாப்பிடும்போது என் மனைவி நகர்ந்து உட்காரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐப்பசியும் கார்த்திகையும் ஒரு கரைச்சலும் இல்லாமல் போயின. மார்கழி பிறந்து நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, விடியற்காலையில் எஞ்சினைக் கிளப்பிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கோடிப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் முனகல். பிறகு பன்றியைப் பிடித்துக் கட்டும்போது கத்துமே, அந்தக் கத்தல். ஓடிப்போய்க் கை வைத்தேன். முதல் முருகாவில் 'மு'கூட முடியவில்லை. பித்தளையிலிருந்து புகை வந்தது. நீராவியை அடைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அது சீறியது. மேலே பரணில் பழம் மலையாகக் கிடந்தது.

கிண்ணத்தின் மூடியைத் திறந்து பார்த்தேன். விளிம்பு வரை எண்ணெய். விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது. எண்ணெய்க் குறைவில்லை என்றால் வேறு என்ன? ஆறவிட்டு, பத்து மணிக்கு மேல் பயந்து பயந்து கிளப்பினேன். ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. மாலையிலும் ஓடியது. மறுநாள் விடியலில் மறுபடி கத்தியது. அதற்கடுத்த நாளும் கத்தியது.

நான் செய்யாத வேலை இல்லை. விடியுமுன் எழுந்து, கொதிகலனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் எண்ணெய்ச் செம்பை எடுத்துப் போய்க் கிண்ணத்தில் ஊற்றுவேன். மாலை வேலை முடிந்ததும் நான் நிரப்பி வைத்த கிண்ணம், இரண்டு சொட்டு ஊற்றினாலே நிறைந்து வழியும். அவ்வளவு குறைவாக எண்ணெய் செலவாகிறதே என்று முதல் இரண்டு நாள் பெருமைகூடப் பட்டேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

துரை கொழும்புக்குத் தந்தி அடித்தார். பாஸ் வந்தார். காலை ரயிலில் புறப்பட்டுக் கம்பளையில் இறங்கி, வண்டி பிடித்து மேலே வருவதற்குப் பகல் இரண்டு மணி ஆகிவிட்டது. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. எஞ்சினை ஓட்டச் சொன்னார். நல்ல பிள்ளையாக ஓடியது. கிண்ணத்தைத் திறந்து பார்த்தார்.

"ஓம், எண்ணெய்ப் பக்கத்திலை பிழை ஒண்டும் இல்லை," என்றார். "உந்தத் தோல்வார்தான் இறுக்கம். அது அச்சை இழுக்குது. அதாலைதான் சூடேறுது."

வாரைத் தளர்த்தினார். பித்தளையைக் கழற்றிச் சுரண்டிப் பளபளப்பாக்கி மாட்டினார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. நாலரை மணிக்கெல்லாம் வண்டியில் ஏறிவிட்டார். தோட்டத்தில் இரவு தங்க மாட்டார். குளிரும் அட்டையும் அவருக்கு ஆகாது. கம்பளைக் கடைத்தெருவில் படுத்துவிட்டுக் காலை ரயிலைப் பிடிப்பார்.

மறுநாள் விடியலில் பித்தளை கத்தியது. வார் தளர்ந்ததால் அது வழுக்கிக்கொண்டு வேறு ஓடியது.

மூன்று நாள் கழித்து இரண்டாம் தடவை வந்தார். அதே இரண்டு மணி, அதே வெயில், அதே நல்ல பிள்ளை எஞ்சின். இந்தத் தடவை பித்தளையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"காலமை எத்தினை மணிக்கு எழும்புறனீர்?"

"கோழி கூவுறதுக்கு முன்னுக்கு எந்திரிச்சிருவேங்க."

"எழும்பினவுடனை எண்ணெய் விடுறனீரோ?"

"ஆமாங்க பாஸ். விட்டுட்டுத்தாங்க கெளப்புவேன்."

தலையை ஆட்டினார். பங்களாவுக்குப் போனார். இங்கிலீசில் என்ன பேசினார்களோ தெரியாது. திரும்பி வரும்போது துரையும் கூட வந்தார். துரை சுருக்கமாக முடித்தார்.

"எஞ்சின் நல்லம். நீ தூங்கு. நீ எண்ணெய் போடாது. மத்தியானம் பாஸ் வரும், அப்ப நீ போடும். நாளை காலை எஞ்சின் கத்து, நான் உன் பேர் வெட்டு."

பாஸ் என் முகத்தைப் பார்க்காமல் சாமான் பெட்டியைக் கட்டினார். தலைக்கங்காணி, "இன்னைக்கு மட்டுமாச்சும் தூங்காம இருடா," என்றார். ஆயுத பூசைக்கு என் பக்கம் நின்றவரே அப்படிச் சொன்னது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது.

அன்று மாலை அறைக்குள் போவேன், வெளியே வருவேன், தூணைத் தொடுவேன், மறுபடி அறைக்குப் போவேன். மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. மூலையில் இருந்த துணி மூட்டையை அவள் அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டுவதைப் பார்த்தேன். அது மன்னாரிலிருந்து சுமந்துவந்த மூட்டை. அதைக் கட்டாதே என்று கத்தினேன். அவள் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள்.

விடியுமுன் எழுந்தேன். வழக்கம்போல் உடனே ஆலைக்குப் போகக் கால் வரவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் அதைப் பார்த்தேன். நான் வேலைக்குப் போன பிறகுதான் அவள் எப்போதும் தலை வாருவாள். அன்று நான் உட்கார்ந்திருக்கும்போதே அவள் அடுப்பு மூட்டிவிட்டு, தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து அடுப்போரம் வைத்துக் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தாள். வரவில்லை. மறுபடி அடுப்போரம் வைத்தாள்.

"என்ன பண்ற?"

"எண்ணெய் ஒறஞ்சு கெடக்குதுங்க. எளகட்டும்னு வச்சிருக்கேன்."

"எத்தன நாளா இப்பிடி?"

"மார்கழி பொறந்ததுலருந்து தெனமும் இதே கூத்துதான். ஏன், நீங்க பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை. நான் எண்ணெய் தேய்ப்பது சனிக்கிழமை பகலில். அப்போது அது தண்ணீராக இருக்கும். ஆலையில் நான் கையாளும் எண்ணெய்ச் செம்பு கொதிகலன் பக்கத்தில் இருப்பது. அதுவும் எப்போதும் தண்ணீர்தான். எழுந்து ஓடினேன். கிண்ணத்தைத் திறந்து விரலை விட்டேன். மற்ற நாள் விளக்கில் மேலே பளபளத்தது நான் செம்பிலிருந்து அப்போதுதான் ஊற்றிய எண்ணெய், இன்று அது இல்லை. நகம் போய் மெழுகில் முட்டியது. குழாயைப் பித்தளைப் பக்கம் கழற்றி ஒரு கம்பியால் குத்தினேன். வெள்ளை வெளேரென்று நூல் மாதிரி வந்தது. இத்தனை நாளும் கிண்ணம் நிறைந்திருந்தது எண்ணெய் இறங்காததால்தான். பித்தளை வாய் வறண்டு கத்திக்கொண்டிருந்தது. நான் மேலே இரண்டு சொட்டு விட்டு, நிறைந்திருக்கிறது, நிறைந்திருக்கிறது என்று மூடிக்கொண்டிருந்தேன்.

சிரட்டையில் நெருப்பள்ளி வந்து கிண்ணத்துக்கு அடியில் பிடித்தேன். சுடுதண்ணீரில் நனைத்த சாக்கைக் குழாயில் சுற்றினேன். எண்ணெய் இறங்கியது. எஞ்சினைக் கிளப்பினேன். துரை சங்கிலி கட்டிய கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். தலைக்கங்காணியும் வந்தார். கால் மணி போனது, அரை மணி போனது. பித்தளையில் கை வைத்தேன். மூன்று முருகா சொல்லி, நாலாவதும் சொன்னேன்.

துரை கடிகாரத்தை மூடினார். "பாஸ் சரி சொல்லு," என்றார். "நேத்து நீ தூங்கு. இன்னைக்கு நீ தூங்காது. எஞ்சின் கத்தாது. இனி தினம் இப்படிச் செய்."

என் பேர் பிழைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தினமும் அரை மணி நேரம் முன்னால் எழுந்து நெருப்பைப் பிடித்தால் ஒருவருக்கும் தெரியாது. பிள்ளை அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே பிறக்கும். உண்மையைச் சொன்னால் அந்த எண்ணெயைக் கேட்டு வாங்கியவனே நான்தான் என்பதும் கூடவே வரும். இதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடுகிற வாய்.

"நான் தூங்கலீங்க தொர," என்றேன். "எண்ணெய்தாங்க தூங்கிருச்சு."

துரைக்கு விளங்கவில்லை. தலைக்கங்காணிக்குச் சட்டென்று விளங்கியது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் வீட்டிலும் போத்தல் அடுப்போரத்தில்தானே இருந்திருக்கும்! மலையில் அத்தனை அடுப்போரத்திலும் தினமும் நடப்பது எங்கள் ஒருவர் புத்தியிலும் எட்டவில்லை. அவர் துரைக்கு விளக்கினார். துரை நம்பவில்லை. தேங்காயெண்ணெய் கல்லாகுமா? அவர் தலைக்கு அதைத் தேய்த்திருந்தால்தானே தெரியும்!

"பாஸ் வரட்டுங்க," என்றேன். "ஒரு ராத்திரி இங்கன தங்கட்டும். விடிய, நெருப்பு பிடிக்காம அவரே தொறந்து பாக்கட்டும்."

துரை யோசித்தார். "பாஸ் வரும். பாஸ் தங்கும். எண்ணெய் கல் இல்லை, நீ போ," என்றார்.

மீண்ட பேரை நானே கொண்டுபோய்ப் பணயம் வைத்துவிட்டேன். அறைக்கு வந்து சொன்னபோது மனைவி, "சும்மா இருந்திருக்கலாம்ல," என்றாள். கொஞ்சம் கழித்து, "தூங்குமூஞ்சின்னு சொன்னா ஆருக்குத்தான் பொறுக்கும்," என்றும் சொன்னாள்.

இரண்டாம் நாள் பாஸ் வந்தார். தங்க வேண்டும் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. கம்பளி வாங்கிக் கொடுத்து ஆலைப் பரணுக்குப் பக்கத்தில் இடம் ஒழித்துக் கொடுத்தேன். அன்று பார்த்து மாலையில் மேகம் மூடியது. மூடிய வானத்தில் பனி இறங்காது, எண்ணெயும் உறையாது. லயத்தில் எல்லோரும் அப்பாடா இன்றைக்குக் குளிர் குறைவு என்று இருக்கும்போது, குளிரே வா, வா என்று வேண்டிக்கொண்டவன் அந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உள்ளே நிறைமாதக்காரி போர்வை போதாமல் சுருண்டிருக்கிறாள். நான் வாசலில் நின்று குளிரை அழைக்கிறேன். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. ஒரு நட்சத்திரம் தெரிந்தது. பிறகு வானம் முழுக்கத் தெரிந்தது.

விடியலில் பாஸ் கம்பளிக்குள்ளிருந்து மூக்கை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு தூணருகே வந்தார். துரையும் தலைக்கங்காணியும் வந்தார்கள். பாஸ் மூடியைத் திறந்தார். நான் வழக்கம்போல் செம்பிலிருந்து இரண்டு சொட்டு விட்டேன். வழிந்தது.

"நிறைஞ்சுதானே இருக்கு," என்றார் பாஸ்.

"வெரல விடுங்க பாஸ்."

விட்டார். நகக்கண் அளவு போய் நின்றது. அழுத்தினார். விரலை எடுத்து, நுனியில் ஒட்டிய வெள்ளையைத் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். மறுபடி விட்டுப் பார்த்தார். துரையிடம் இங்கிலீசில் நாலைந்து வார்த்தை சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எங்கட ஊரிலை எண்ணெய் உறைஞ்சு நான் ஒரு நாளும் காணேல்லை. கொழும்பிலையும் காணேல்லை. உம்மை நித்திரைகொள்ளி எண்டு சொன்னது பெரிய பிழை."

அவர் மேல் எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். வெயிலில் வந்து வெயிலில் போகிறவருக்கு மார்கழி விடியல் தெரியாதது பிழையா? அதில் தினமும் எழுகிற எனக்கே தெரியவில்லையே. "சரி விடுங்க பாஸ், தேத்தண்ணி குடிங்க," என்று சொல்லத் தோட்டத்தில் அப்போது தேயிலை ஏது? ஒரு சிரட்டை கோப்பித்தண்ணி கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

துரை ஸ்டோர் பக்கம் கையைக் காட்டினார். "கொழுப்பு போடு," என்றார்.

தலைக்கங்காணி நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் என்று சொல்லிப் பார்த்தார். பரணில் பழம் கிடக்கும்போது துரைக்குப் பரீட்சை பார்க்கப் பொறுமை இல்லை. மிச்சமிருந்த கொழுப்புத் தகரம் ஸ்டோர் மூலையில் அப்படியே இருந்தது. பாஸ் கிண்ணத்தைக் கழற்றிப் பழைய பெட்டியை மாட்டினார். நான் தகரத்தைத் திறந்தேன். வாடை முகத்தில் அடித்தது. இவ்வளவு போராடி நான் ஜெயித்தது இதற்குத்தான். வலது கையை மணிக்கட்டு வரை விட்டு அள்ளி அடைத்தேன். எஞ்சின் ஓடியது. பித்தளை மூச்சுவிடவில்லை.

பழம் முக்கால்வாசி உரிந்திருக்கும். பிள்ளைப்பேறு பார்க்கிற அம்மா என் அறை வாசலில் நின்று கையை ஆட்டினாள். நான் தூணுக்கும் ஸ்டோருக்கும் அலைந்துகொண்டிருந்தபோதே என் மனைவிக்கு வலி கண்டிருக்கிறது. எஞ்சினை விட்டு நான் நகர மாட்டேன் என்று தெரிந்து எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்றாளாம். பாஸ், "நீர் போம், நான் பாக்கிறன்," என்று தள்ளிவிட்டார்.

வாசலில் நின்று சாம்பலை அள்ளிக் கையைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க வாடை போகவில்லை. உள்ளே போய்க் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த அம்மா துணியில் சுற்றிய பிள்ளையை நீட்டினாள். நான் வாங்கவில்லை. ஆம்பிளைக்குப் பயத்தைப் பாரேன் என்று அவள் சிரித்தாள்.

சுவரில் சாய்ந்து படுத்திருந்த என் மனைவிக்குத் தெரியும். அவளுக்கு அந்த வாடை வாசலிலேயே வந்திருக்கும். அவள் என் முகத்தையும் பின்னால் மறைத்திருந்த கையையும் பார்த்தாள்.

"வாங்குங்க," என்றாள். "அந்தக் கையாலயே வாங்குங்க."

வாங்கினேன். பிள்ளையின் முதுகின் கீழ் உள்ளங்கை போனதும் என்னை அறியாமல் உதடு அசைந்தது. முருகா, முருகா, முருகா. மூன்றாவதுக்குப் பிறகும் கையை எடுக்கத் தோன்றவில்லை. மூலையில் அந்த மூட்டை அவிழ்ந்து கிடந்தது. பிள்ளையைச் சுற்றிய துணி அதிலிருந்து எடுத்ததுதான்.